செட்டியம்மாள் கேட்ட தாலி

கக்கத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றுச் சுருளை இடுக்கிக்கொண்டு செட்டியம்மாள் எங்கள் வீட்டுப் படி இறங்கிப் போனார். நல்ல வெயில். கத்தரிப்பூ நிறத்தில் கெபாயாச் சட்டை, அதற்கேற்ற சாரோங், கொண்டையில் வெள்ளி ஊசி. உடுப்பைப் பார்த்தால் விசேஷத்துக்கு வந்தவர். கையைப் பார்த்தால் கிணற்றுக் கயிறு. அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்த நான், இந்த அம்மாளுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டு ரசத்தைக் கவனிக்கத் திரும்பினேன்.

வாசலில் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்துக்கு உதவிவிட்ட திருப்தி முகத்தில் வழிந்தது. உள்ளே வந்தவர், அந்த அம்மாள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன பாத்திரத்தைத் திறந்து, ஒரு பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கயிறு எரவல் கேட்டு வந்திருக்கு. அதுக்குப் போயி குவே எல்லாம் செஞ்சு எடுத்துக்கிட்டு. நல்ல மனுசிதான்," என்றார்.

அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் கலந்த அந்தக் குவேயை நானும் தின்றேன். பாண்டான் இலை வாசனை இரண்டு நாள் அந்தப் பாத்திரத்தைவிட்டுப் போகவில்லை. எதற்காகச் செய்யப்பட்ட பலகாரம் அது என்று தெரிந்தபோது பல மாதம் ஓடிவிட்டது. தின்றது மட்டும் வயிற்றில் திரும்பவும் கனத்தது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. நாங்கள் காஜா பேராங்கில், ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

முந்திரிக்கொட்டை

மூத்தார் பெயர் சிங்காரவேலு. நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். துறைமுகப் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி. ஆணி, தார், சாயம், கயிறு எல்லாம் அவர் பொறுப்பில். தங்கமான மனிதர் என்று எழுதத்தான் நினைக்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சூது கிடையாது, யார் சொத்துக்கும் ஆசைப்பட்டதில்லை. அவர் ஆசைப்பட்டதெல்லாம் அடுத்தவர் வாக்கியத்துக்குத்தான். நீங்கள் ஆரம்பித்தால் போதும், மீதியை அவர் முடித்துவிடுவார். தப்பாக முடிப்பார். முடித்த பிறகு அதற்குப் பதிலும் சொல்வார். பதில் சொன்ன கையோடு கோபமும் படுவார்.

தெருவில் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பீர்கள். வாலிபத்தில் பெண் பார்க்கப் போனாராம். பெண்ணிடம் பெயர் கேட்டார்கள். அவள் வெட்கத்தோடு "மங்..." என்று ஆரம்பிக்கவும் இவர் "மங்களம், நல்ல பேரு" என்று முடித்துவிட்டார். அவள் மங்கையர்க்கரசி. அதற்குமேல் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. பெண் ஊமை என்று இவர் வீட்டில் வந்து சொன்னாராம்.

இந்த வியாதி தமிழனுக்கு வந்தால் ரொம்ப ஆபத்து. மலாய்க்காரர் வேண்டாம் என்றால் அந்த வேண்டாமை முன்னாலேயே வைத்துவிடுவார், பிறகுதான் மற்றது. நம் பேச்சில் எல்லாம் வாலில் இருக்கிறது. வருவேன், வரமாட்டேன், வராமல் இருக்கமாட்டேன் எல்லாம் ஒரே இடத்தில்தான் புறப்படுகின்றன. வால் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பெரியத்தானுக்கு அந்தப் பொறுமை பிறவியிலேயே இல்லை.

அப்பா அம்மா போன பிறகு தம்பியையும் தங்கையையும் ஆளாக்கியவர் அவர். அதனால் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தங்கை சரோஜா தையல்காரி. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். இருபத்தைந்து தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருந்தாள். அந்தக் காலத்தில் அது பெரிய வயது. தெருவில் அவளைப் பார்த்தவர்கள் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

வரன் வராமல் இல்லை. செமாபோக்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் தகப்பனார் மெதுவாகப் பேசுகிறவர். "எங்க பையனுக்குக் குடி..." என்று ஆரம்பித்தார், பாவம். பெரியத்தான் எழுந்துவிட்டார். குடிகாரனுக்குப் பெண் கொடுக்கமாட்டோம், நீங்கள் போகலாம் என்றார். குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது என்றுதான் அந்த மனிதர் சொல்ல வந்தார். அதை அவர் வாசலில் நின்றுகொண்டு என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் "ம்" என்றார்.

அன்றைக்கு சரோஜா கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அது சிரிப்புக்கான விஷயம் இல்லை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. ஆனால் அந்த வீட்டில் சிரிக்காமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

சில காதுகள்

பெரியத்தானை மட்டும் சொல்லி என்ன, எங்கள் தெருவில் காது சரியாக இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அடுத்த வீட்டுக்காரிக்கு நீங்கள் பல்வலி என்றால் போதும், தனக்கு வந்த பல்வலியை எடுத்து விரிப்பாள். உங்கள் பல் வாயிலேயே கிடக்கும். எதிர்வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் "தெரியும்" என்பார். அவர் தம்பி செத்த செய்தியைச் சொல்லப் போனவரிடமும் "தெரியும்" என்று சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து அழுதார்.

என் கணவர் "ம்" ரகம். எல்லாவற்றுக்கும் ம். ஊரே அவரைப் பொறுமைசாலி என்று மெச்சியது. ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று, கூரை பற்றி எரிகிறது, நான் உங்களைவிட்டுக் கிளேபாங்குக்கு ஓடிப்போகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். "ம், குடை எடுத்துக்க," என்றார். அதிலும் குடை மட்டும் எப்படித் தோன்றியதோ.

திடலில் பெரிய கூட்டம் போட்டு மெர்டேக்கா பற்றி அறிவித்த நாளில் பெரியத்தானும் போயிருந்தார். பேச்சு முடியும்வரை இருப்பாரா? பாதியில் கிளம்பி வந்து, நாளைக்கே மெர்டேக்கா, வெள்ளைக்காரன் இன்று மூட்டை கட்டுகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதை நம்பி மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. பெரியத்தான் மட்டும் வழக்கம்போல் கிடங்குக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, கணக்கை ஒப்படைக்க வேண்டாமா என்றார்.

செட்டி வீட்டுப் பிள்ளை

எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் மலாக்காச் செட்டிகளின் கம்போங், அதாவது அவர்கள் குடியிருப்பு. செட்டி என்றதும் வட்டிக்கடைச் செட்டியாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்னால் இந்த ஊருக்கு வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டவர்கள். சாமி நம் சாமி. கோயில் நம் கோயில். பொங்கல் உண்டு, திருநீறு உண்டு, கல்யாணத்தில் தாலி உண்டு. பேச்சு மட்டும் மலாய். தமிழில் கோயில் சொற்கள் சில தெரியும், அவ்வளவுதான்.

நம் ஆட்களுக்கு அது பொறுக்காது. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்கள், என்றைக்கோ இறங்கியவர்களைப் பார்த்து, "தமிழ் தெரியாத தமிழன்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அப்படிப் பிதுக்குகிறவர் வீட்டுக்குப் போனால் பாதிப் பேச்சு மலாயாக இருக்கும். சந்தைக்குப் பாசார், முதலாளிக்குத் தாவுக்கே; பாசாருக்குப் போனேன், தாவுக்கே கத்தினான் என்பார். அதெல்லாம் சுத்தத் தமிழ் என்று அவருக்கு நினைப்பு.

அந்தக் கம்போங்கில் மீனாச்சி என்று ஒரு விதவை அம்மாள், கயிற்றோடு படி இறங்கிப் போன அதே அம்மாள். தெருவில் எல்லாரும் மாக் மீனாச்சி என்போம், அங்கே அம்மாவுக்கு மாக். அவருக்கு ஒரே மகன், நடராஜா. ஏதோ அலுவலகத்தில் நில வரைபடம் வரைகிற வேலை. சைக்கிளில் வருவான், போவான். அவன் அலுவலகத்துக்கு எங்கள் தெருவழி சுற்று. இருந்தாலும் எங்கள் தெருவழிதான் போவான். சரோஜாவின் தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பேரும் வேலியருகே நின்று பேசுவார்கள், மலாயில். மறைவு ஒன்றும் இல்லை. ஒருநாள் நானே கேட்டேன். முகத்தை மிஷினுக்குள் புதைத்துக்கொண்டு, அவன் அம்மா வந்து அண்ணனிடம் பேசப்போகிறார் என்றாள். சொல்லும்போது அவள் குரல் குழைந்த விதத்தில் எனக்கே சந்தோஷமாக இருந்தது. இனிமேல் வரன் வருமோ வராதோ என்று பயந்துகொண்டிருந்தவள். வந்தது மனசுக்குப் பிடித்த இடமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் காத்திருந்தாள். அந்த அம்மாள் வந்த அன்று அவள் ரவிக்கைகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் பெரியத்தான் பெருமையாகச் சொன்னார், செட்டியம்மா கயிறு கேட்டு வந்துச்சு, குடுத்தனுப்பினேன் என்று. சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அவர் கேட்க வந்தது கயிறு மட்டும்தானா என்று அவள் கேட்க ஆரம்பித்ததைப் பெரியத்தான், "வாளியா? வாளி கேக்கல," என்று முடித்துவைத்தார்.

சைக்கிள் வரவில்லை

மறுநாளிலிருந்து சைக்கிள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. மணிச்சத்தம் எது கேட்டாலும் சரோஜாவின் கால் மிதியில் நின்றுவிடும். ஐஸ்காரனாக இருக்கும். மறுபடி மிதிப்பாள்.

அவள் சும்மா உட்கார்ந்து ஏங்கிக்கொண்டிருந்தவள் இல்லை. ஒருநாள் துணி மூட்டையோடு முச்சந்தியில் போய் நின்றாள். அவன் வந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "டெங்கார் டூலு" என்றாள். முதலில் கேள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அவன் அவளைப் பார்த்தான், சைக்கிளைத் திருப்பினான், வந்த வழியே போய்விட்டான். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். இதை அவள் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. துணி மூட்டையை மட்டும் கீழே வைக்காமல் மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

இங்கே பெரியத்தானுக்கு வேறு கவலை. போன கயிறு திரும்பி வரவில்லை. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஆரம்பித்தார். தெருவில், கிடங்கில், கோயிலில், சவரக் கடையில், எரவல் வாங்கிய கயிற்றைத் திருப்பித் தராத செட்டியம்மாள் கதைதான். போகப்போக அந்த அம்மாள் போய்விட்டார், செட்டிகளே இப்படித்தான் என்று ஆகிவிட்டது. ஒரு கயிற்றுக்கு ஒரு கம்போங்கையே கட்டிப்போட்டார். தெருவும் தலையாட்டியது. அந்த அம்மாளிடம் யாராவது ஒருவர் போய்க் கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை. கேட்டுவிட்டால் பேச என்ன இருக்கும்?

அந்தப் பக்கமும் யோக்கியம் இல்லை. தமிழர்களுக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது என்று அங்கே பேச்சாம். எங்கள் தெருப் பிள்ளைகளைக் கம்போங்குக்குள் விளையாட விடாமல் விரட்டினார்கள். நாட்டுக்கு மெர்டேக்கா, எல்லா இனமும் ஒற்றுமை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் காஜா பேராங்கில் ஒரே சாமியைக் கும்பிடுகிற இரண்டு கூட்டம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராவுத்தர் கடையில்

ஜாலான் பெண்டஹாராவில் ராவுத்தர் ஒருவர் மளிகையும் மசாலாவும் விற்றார். மலாயும் தமிழும் அவருக்கு ஒன்றுபோல் வரும். பெருஞ்சீரகம் வாங்கப் போன இடத்தில் மாக் மீனாச்சி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை மிளகாய் மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் பேசியது சமாதானத்துக்காக இல்லை. அப்படி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வம்பு கேட்கிற ஆசை. கயிற்றில் அப்படி என்ன கோபம், எனக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் போய், "மாக், எங்கள் மேல் என்ன வருத்தம்," என்று மலாயில் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாள் பேசினார். இத்தனை மாதம் யாரும் கேட்காதது எல்லாம் வந்தது. அன்று அவர் நல்ல நாள் பார்த்து, குவே செய்து, இருப்பதில் நல்ல கெபாயாவை உடுத்திக்கொண்டு வந்தாராம். பெண் கேட்கிற கூச்சம், ஆண்பிள்ளை முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். "இஞ்சே, ஸாயா மாவ் மிந்தா..." என்று ஆரம்பித்து, ஐயா, நான் கேட்க வந்தது என்று இழுத்து, "தாலி..." என்கிற சொல்வரைக்கும் வந்தாராம். என் மகன் உங்கள் தங்கைக்குத் தாலி கட்ட அனுமதி கேட்டு வந்திருக்கிறேன் என்பது மீதி.

மீதியை யார் விட்டார்கள்? மலாயில் தாலி என்றால் கயிறு. பெரியத்தானோ கயிற்றுக் கிடங்குக் கிராணி. "தாலியா? ஆடா, ஆடா, இருக்கு, நிறைய இருக்கு," என்றாராம். எவ்வளவு நீளம் வேண்டும், தடியாகவா மெல்லிசாகவா என்றாராம். அந்த அம்மாள் திகைத்து நிற்கும்போதே பின்கட்டுக்குப் போய்ச் சுருளை எடுத்து வந்து கையில் திணித்து, "நல்ல உறுதி, மாட்டக் கட்டினாலும் தாங்கும்," என்று மலாயிலேயே வேறு சொன்னாராம்.

தாலி கேட்டு வந்தவருக்கு மாடு கட்டும் கயிறு. தன் மகனை மாடு என்கிறாரா, தங்கையை மாடு என்கிறாரா, தமிழ் தெரியாத உனக்கு இதுதான் தாலி என்கிறாரா என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. மூன்றில் எதுவானாலும் அவமானம்தான். வீட்டுக்குப் போய் மகனிடம் சொல்லி அழுதிருக்கிறார். அதற்கு மேல் கயிற்றுத் திருடி என்ற பட்டம் வேறு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தராசைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராவுத்தர் என்னிடம் தமிழில் சொன்னார்.

"ரெண்டு தாலியும் சொல்றப்ப ஒண்ணுதாம்மா. எந்தத் தாலின்னு உங்க மூத்தாரு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நான் அவருக்காக மன்னிப்புக் கேட்டு, நடந்ததை மாக்கிடம் மலாயில் விளக்கினேன். அந்த அம்மாள் முந்தானை இல்லாத கெபாயாக்காரர், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.

யார் கேட்டார்கள்?

சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் பெரியத்தானிடம் ஆரம்பித்தேன். செட்டியம்மாளைப் பார்த்தேன் என்றதும் "கயிறக் குடுத்துட்டாளா" என்றார். அந்தக் கயிறு விஷயமாக என்றதும் "அறுந்துபோச்சுன்னு சொல்லியிருப்பா, அது அறுந்துபோற கயிறே இல்ல" என்றார். மூன்றாவது தடவை நான் வாய் திறந்து அவர் புகுந்தபோது, என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அண்ணே, அவ முடிக்கட்டும்."

ம் தவிர வேறு சொல் அந்த வாயிலிருந்து வந்த அதிர்ச்சியில் பெரியத்தான் உண்மையாகவே நிறுத்திவிட்டார். நான் முழுவதையும் சொன்னேன். மாடு வந்த இடத்தில் அவர் கை சோற்றிலேயே நின்றது. அவருக்குத் தங்கை மேல் உயிர். கண் கலங்கியதை நான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்த பிறகு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்," என்று ஆரம்பித்தார். பாவம் பறந்துவிட்டது.

மறுநாளே பழத்தட்டோடு கம்போங்குக்குப் போனார். காவலுக்கு நானும் போனேன். அவர் சுற்றிச் சுற்றி மலாயில் மன்னிப்புக் கேட்டதை மாக் ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடாமல் கேட்டார். நடராஜா தூணருகே நின்றான். எல்லாம் நல்லபடி முடிந்தது. வெள்ளிக்கிழமை முறையாக வெற்றிலைத் தட்டோடு வருவதாகப் பேச்சு.

திரும்பும் வழியில், சரோஜாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றேன். அவளுக்குக் கசக்குமா என்றார் பெரியத்தான். வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நாம் வேண்டுமென்றே கயிற்றைக் கொடுத்ததாகத்தான் இத்தனை நாளும் அவன் நினைத்துக்கொண்டிருந்தானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை வீடு நிறைந்திருந்தது. மாக் அதே கத்தரிப்பூக் கெபாயாவில் வந்திருந்தார். நடராஜா புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் பாதித் தெரு. பெரியத்தான் நாள் குறிப்பதற்கே போய்விட்டார். மெர்டேக்காவுக்கு முன்னாலா பின்னாலா, முன்னால் என்றால் மண்டபம் கிடைக்குமா என்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது. மாக்தான் கையைக் காட்டி, "தான்யா டியா," என்றார். அவளைக் கேளுங்கள் என்று.

பெரியத்தானுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இருந்தாலும் கூப்பிட்டார். சரோஜா வந்து கதவருகே நின்றாள். சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தாள், நான் எடுத்துவைத்த பட்டைத் தொடவில்லை.

"எனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம்..." என்றாள்.

"சம்மதம்," என்று பெரியத்தான் துள்ளி எழுந்தார். ஜன்னலில் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சர்க்கரையை எடுத்து நடராஜாவின் வாயில் போட்டார்கள். பெரியத்தான் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். சரோஜா அசையாமல் நின்றாள். குலவை ஓய்ந்து, எல்லாரும் திரும்பவும் அவளைப் பார்க்கும்வரை பொறுத்தாள். பிறகு மீதியைச் சொன்னாள்.

"இல்ல."

கோபம் வந்தால் யாருக்கும் தாய்மொழிதான் வரும். அவனோடு எப்போதும் மலாயில் பேசுகிறவள், அன்று தமிழில்தான் பேசினாள். அவனுக்கு எவ்வளவு புரியும் என்று யோசிக்காமல், அவனைப் பார்த்தே பேசினாள்.

"எங்கண்ணன் உங்கம்மாவ முடிக்க விடாம கயிறக் குடுத்தாரு. தப்புதான். நான் ரோட்டுல நின்னு டெங்கார் டூலுன்னு கூப்பிட்டேன். நீங்க சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. நான் என்ன சொல்வேன்னு நீங்களே முடிச்சுக்கிட்டீங்க. அப்படி ஒருத்தர் இந்த வீட்டுல ஏற்கெனவே இருக்காரு. அவரு கூடப் பொறந்தவரு, பொறுத்துக்கிறேன். தேடிப்போயி இன்னொருத்தரக் கட்டிக்க மாட்டேன்."

உள்ளே போய்விட்டாள். அடுத்த நிமிஷம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை பொங்கியது. அவள் பேசியதில் பெருமை, அவள் விட்டுவிட்டதை நினைத்துத் துக்கம், இரண்டும் சேர்ந்த அழுகை. இன்னொரு வரன் எங்கே இருக்கிறது அவளுக்கு?

பெரியத்தான் வேர்த்துப்போய் மாக் பக்கம் திரும்பி, அவள் சொல்ல வருவது என்னவென்றால் என்று மலாயில் ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையைத் தூக்கினார்.

"சூடா லா, இஞ்சே. ஸாயா ஃபாஹாம்."

போதும் ஐயா, எனக்குப் புரிந்துவிட்டது. தமிழ் தெரியாத அந்த அம்மாள், அவ்வளவு தமிழில் டெங்கார் டூலுவையும் சைக்கிளையும் மட்டும் பிடித்துக்கொண்டு, மகன் முகத்தைப் பார்த்து மீதியைத் தெரிந்துகொண்டார். அவள் கூப்பிட்டபோது ஏன் நிற்கவில்லை என்று அவனிடம் கேட்டார். அவன் சர்க்கரை வாயோடு ஏதோ திக்கித் திக்கிச் சொன்னான். அவன் முடிக்கும்வரை கேட்டார். கேட்டுவிட்டு எழுந்தார். வெற்றிலைத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அரிசி களைகிற பாத்திரத்தோடு சரோஜா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வருத்தமா இருக்கா என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வருத்தம்..." என்றாள்.

நூல் முனையை நாக்கில் நனைத்து மறுபடி கோத்தாள். வருத்தம் இல்லை அண்ணி என்று முடிப்பாளோ, வருத்தம்தான் அண்ணி என்று முடிப்பாளோ. பெரியத்தானாக இருந்தால் அதற்குள் இரண்டையும் சொல்லி முடித்திருப்பார். நான் அரிசியைக் களைந்துகொண்டே காத்திருந்தேன். தண்ணீர் தெளிந்துவிட்டது, அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.